வாங்கியவர் கையெழுத்து

நான் கடைசியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. ஆண்டு மலர் போடுகிறார்களாம். நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை எல்லோரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற பழைய விதியை இந்த வருடத்தோடு எடுத்துவிட்டார்களாம். இனி மறந்துபோனாலும் கைத்தொலைபேசிக்கு ஆறு இலக்கம் வரும், அதைத் தட்டிவிட்டு வீட்டில் இருந்தபடியே புதிய சொல் போட்டுக்கொள்ளலாம். மலர்க் குழுவில் இருக்கும் பிள்ளை தொலைபேசியிலும் கதைத்தாள்.

"உங்கட காலத்தில ஒரு பாஸ்வேர்ட் மாத்த அடையாள அட்டையோட வரிசையில நிண்டாங்களாம் அக்கா. அந்தப் பகிடியெல்லாம் ஒரு கட்டுரையா எழுதித் தாங்க."

சிரிக்க வைக்கும் பகிடி இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் பகிடி முன்னுக்கு வருவதில்லை. வருவதை எழுதுகிறேன்.

நான் புளியந்தீவில் பிறந்து வளர்ந்தவள். பத்தொன்பது வயதில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். அந்தக் கந்தோருக்கு முதல் கணினி வந்தபோது அதைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் நான் என்பதால் அது என் மேசைக்கு வந்தது. பின்னேரம் ஊரடங்கு, பாதி நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இருந்த மற்றப் பாதியில் கற்றுக்கொண்டேன். கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், திரும்பி வந்து இன்னும் பத்து வருடம். என் படிப்புக் காலம் அவ்வளவுதான்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அடுத்த மாதம் ஒரு நிவாரண நிறுவனம் வாவிக்கரையில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகம் போட்டது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். கணினி தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், போனேன். மாடியில் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு சேர்வர். டிரெக்டரி சேர்வர் என்று சொல்வார்கள். நிறுவனத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், அவரவர் கடவுச்சொல் என்ன, யாருக்கு எந்தக் கோப்பு திறக்கும் என்பதை வைத்திருக்கும் ஒரே இடம் அதுதான். ஒருவர் எந்தக் கணினியில் இருந்து உள்ளே வந்தாலும் முதலில் அந்தப் பெட்டியிடம் கேட்கப்படும்: இவர் எங்கள் ஆளா, இல்லையா? அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அப்போது எங்களிடம் இருந்த கோப்புகளில் பெரியது பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பதிவு. பெயர், வயது, எந்த முகாம், உடம்பில் உள்ள அடையாளம், யார் யார் தேடி வந்தார்கள் என்பது வரை அதில் இருந்தது.

ஒரு காலை தொலைபேசி வந்தது. கொழும்பில் இருந்து வந்திருக்கும் தொண்டர் ஒருவரின் பெயரைச் சொல்லி ஓர் ஆண் கதைத்தார். என் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, கல்லடி முகாமில் நிற்கிறேன், பிள்ளைகளுக்கு அவசரம், பொறுப்பாளருக்கு அறிவித்து நேரம் கடத்த வேண்டாம், புதியதொன்று போட்டு இப்போதே சொல்லுங்கள் என்றார். மரியாதையான குரல். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தமும் கேட்டது. நான் போட்டுச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அந்த முகாமுக்கு ஒரு மனிதன் போய், ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தன் தங்கையின் மகள் என்று கேட்டிருக்கிறான். பெயர் சரி, தாயின் பெயர் சரி, இடது தோளில் உள்ள மறுவும் சரி. பிள்ளை அவனைப் பார்த்ததும் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சமையல் பார்த்த மனுஷிதான் அகப்பையோடு வந்து குறுக்கே நின்றாளாம். "மாமனெண்டா புள்ள ஏன் ஒளியுது? நில்லும், பொலிசுக்கு ஆள் அனுப்புறன்" என்றதும் அவன் போய்விட்டான். நிஜமான தொண்டர் ஒரு வாரத்துக்கு முன்பே கொழும்புக்குத் திரும்பியிருந்தார். அவருடைய கணக்கை மூட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நடந்தது. அன்றிலிருந்து தொலைபேசி மணி அடித்தால் மூன்றாவது மணிவரை எடுக்க மாட்டேன். செய்ததை நானே எழுதி மேலே கொடுத்தேன். என்னை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எனக்கு மேலே ஒருவரைக் கொண்டுவந்தார்கள்.

தேவசகாயம் சேர் கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர். ஒல்லி. கதிரையில் கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் உட்காருவார். சத்தம் போட்டதை நான் கேட்டதே இல்லை. யாரையும் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் கடைசிவரை 'மிஸ் றஞ்சினி'தான். முதல் நாள் என் அறிக்கையை வாசித்துவிட்டு, "உண்மையை எழுதியிருக்கிறீங்க. இது போதும். இனி இந்தப் பிழையை நீங்க நினைச்சாலும் செய்ய ஏலாத மாதிரி ஒழுங்கு செய்வம்" என்றார். அந்த வசனத்துக்காக நான் அவருக்கு எத்தனையோ வருடம் விசுவாசமாக இருந்தேன்.

அவர் வைத்த ஒழுங்கை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கடவுச்சொல்லுக்கு ஆயுள் நாற்பத்தைந்து நாள். முடிய ஒரு வாரம் இருக்கும்போதே சேர்வர் எச்சரிக்கும். முடிந்துவிட்டால், பழைய சொல்லைச் சரியாகத் தந்தாலும் ஒரு கோப்பும் திறக்காது. புதிய சொல் போடும் சின்னச் சன்னல் ஒன்று மட்டும் திறக்கும். அந்தச் சன்னலும், நடுவில் நின்று ஒட்டுக்கேட்பவனுக்கு விளங்காதபடி எழுத்தைக் குழப்பி அனுப்பும் மறைகுறி இணைப்பில் வந்தால்தான் திறக்கும். வெறும் தொலைபேசிக் கம்பியில் வந்தால் சேர்வர் ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். பல மென்பொருள்களில், காலாவதியானாலும் மூன்று தடவை போக விடும் சலுகை ஒன்று உண்டு. அதைப் பூச்சியமாக்கினார். "சலுகையால் நுழையிறது களவாணி மட்டும்தான், மிஸ் றஞ்சினி."

மூன்று முறை பிழையாகத் தட்டிக் கணக்குப் பூட்டப்பட்டால் ஆள் நேரில் வர வேண்டும். அடையாள அட்டையை நான் பார்த்து இலக்கத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தற்காலிகச் சொல்லைச் சேர்வரே உருவாக்கும். வங்கியில் செய்வதுபோல, அச்சுப்பொறியின் ரிபனைக் கழற்றிவிட்டு ஒட்டிய உறையின் மேல் அச்சடிப்போம். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கரித்தாளில் எழுத்து விழும். எனக்குக்கூட அது என்ன சொல் என்று தெரியாது. ஒரே தரம் செல்லும், அன்று மாலை வரைக்கும்தான் செல்லும், போட்டவுடனே புதியதை மாற்றச் சொல்லும். பதிவேட்டில் மூன்று கையெழுத்து: அனுமதித்த மேலதிகாரி, செய்துகொடுத்தவர், வாங்கியவர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வரி செல்லாது.

சேரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அவர் முன்னால் யாராவது கடவுச்சொல் தட்டினால், தட்டி முடியும்வரை சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். பெரிய அதிகாரி தட்டினாலும் சரி, பியோன் தட்டினாலும் சரி. ஒருநாள் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பார்க்காமல் இருக்கிறதும் எங்கட வேலைதான்" என்றார்.

கோப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கும் உரிமையை என் கணக்கில் இருந்து எடுத்துவிட்டார். பூட்டுப் பார்ப்பவருக்கு அலுமாரிக்குள் என்ன வேலை என்று கேட்டார். எனக்கு அது சரியாகப் பட்டது. இப்போதும் அது சரியான ஒழுங்கு என்றுதான் சொல்வேன்.

யோகன் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர். முழுப்பெயர் யோகநாதன். உன்னிச்சையில் பிறந்தவன், களுவாஞ்சிக்குடியில் கலியாணம் செய்து ஒரு பெண்பிள்ளை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை என் அறை வாசலில் வந்து நின்று முறைப்பாடு சொல்வான்.

"அக்கா, எங்கட வட்டையில நெல்லு விதைச்சு அறுத்து முடியக்குள்ள நான் மூணு பாஸ்வேர்ட் மாத்திப்போட்டன். நெல்லுக்குக்கூட இவ்வளவு கெதியா வயசு போறல்ல."

சொல்லிவிட்டு ஒழுங்காக மாற்றிவிட்டுப் போவான். அதுவரை ஒரு தடவைகூட அவனுடைய சொல் காலாவதியானதில்லை.

கிழக்கில் சண்டை கடைசியாகப் பெருத்தபோது படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. பாடசாலைகளிலும் கோயில் காணிகளிலும் கூடாரம். அந்தக் குடும்பங்களைப் பதியும் வேலை யோகனுடையது. பதிவில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதை எழுதவும் பார்க்கவும் இரண்டு பேருக்குத்தான் உரிமை: ஒருவர் யோகன், மற்றவர் எங்கள் நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்தில் சனத்தின் பாதுகாப்பைப் பார்க்கும் உத்தியோகத்தர். அதில் என்ன எழுதுகிறான் என்று எனக்குத் தெரியாது. சனம் அவனை நம்பிச் சொன்னதை எழுதினான் என்று பிறகு அறிந்தேன்.

தாய்க்குச் சுகமில்லை என்று யோகன் ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு உன்னிச்சைக்குப் போனான். பாதை பூட்டுப்பட்டது. லீவு முடிந்து ஒரு வாரமாகியும் ஆள் வரவில்லை. அந்த வாரத்துக்குள் அவனுடைய கடவுச்சொல்லின் ஆயுள் முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிபோல அவன் தொலைபேசி எடுத்தான். ஏறாவூரில் ஒரு கூட்டாளி தொலைபேசியும் இணையமும் வைத்து நடத்தும் கொமினிகேஷன் கடையில் இருந்து.

"அக்கா, யோகன் கதைக்கிறன். என்ட பாஸ்வேர்ட் முடிஞ்சுபோச்சு. இங்கால நெட்டில வந்து மாத்தப் பாத்தன், விடுதில்ல. மறுகா ரெண்டு மூணு தரம் அடிச்சன், பூட்டிட்டுது."

"அந்தக் கடைக் கணினி பழசா இருக்கும் யோகன். மறைகுறி இணைப்பு வராது. சேர்வர் திருப்பித்தான் அனுப்பும்."

"அது விளங்குது அக்கா. நீங்க ஒண்டு போட்டு எனக்கு இப்ப சொல்லுங்க. பத்து நிமிசத்து வேலை. நான் எழுதினதில பிழை கிடக்கு, திருத்தோணும்."

"போனில சொல்ல ஏலா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஏறாவூரில இருந்து டவுனுக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறி வாங்களன்."

அவன் குரலை இறக்கினான்.

"டவுனுக்கு வாறது இப்ப அவ்வளவு நல்லமில்ல அக்கா. என்ட குரல் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப செய்ங்க. சேரிட்டச் சொல்ல வேணாம். நான் வந்து மறுகா எல்லாம் சொல்லுறன்."

அந்த ஒரு வார்த்தைதான். சேரிடம் சொல்ல வேண்டாம். கல்லடி முகாமில் இருந்து கதைப்பதாகச் சொன்னவனும் அதைத்தான் சொன்னான். அவசரம், தொலைபேசியில் சொல், மேலே சொல்லாதே. மூன்றும் ஒன்றாக வந்தால் தொலைபேசியை வை என்று நானே புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குரல் அவனுடையதுதான். ஆனால் பக்கத்தில் யாராவது நின்று அவனைக் கதைக்க வைக்கிறார்களோ என்றும் நினைத்தேன். இந்தக் காரணங்களை எல்லாம் அன்று நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"நேர்ல வாங்க யோகன். அடையாள அட்டையைக் கொண்டு வாங்க. வந்த உடனே செய்து தாறன்."

"சரி அக்கா. வாறன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாதது. 'வாறன்' என்று, சாதாரணமாக, அறை வாசலில் வந்து நிற்கிறவன் மாதிரிச் சொன்னான்.

நான் சேரிடம் அனுமதிக் கையெழுத்து வாங்கவில்லை. யோகன் வந்த பிறகு வாங்கலாம் என்று விட்டேன். பன்னிரண்டு மணி, ஒரு மணி, மூன்று மணி. ஏறாவூர்க் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். பத்தேகாலுக்குத் தானே கூட்டிக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். வழியில் ஓரிடத்தில் பஸ்ஸை மறித்துச் சிலரை இறக்கினார்கள் என்று அடுத்த நாள் கேள்விப்பட்டோம். மறித்தவர்கள் யார் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. சீருடை போட்டவர்களும் போடாதவர்களும் கலந்து திரிந்த காலம். இறக்கப்பட்டவர்களில் யோகன் இருந்தானா என்பதற்குச் சாட்சி இல்லை. பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர் ஒருவர் இருக்கிறார். இறங்கியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். சீருடை இல்லை. சேட்டும் களிசானும், செருப்பு. கீழே காவலாளி பதிவு கேட்கவில்லை. நேரே சேரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். அரை மணித்தியாலம் கழித்துச் சேர் என் அறைக்கு வந்தார், அவர்களும் பின்னால் வந்தார்கள். சேரின் கையில் கைக்குட்டை இருந்தது. அதை மடித்தும் விரித்தும் கொண்டிருந்தார்.

"மிஸ் றஞ்சினி, யோகநாதனின் கணக்கைத் திறந்து ஒரு தற்காலிகச் சொல் எடுங்க."

"ஆள் வந்திட்டாரா சேர்?"

இரண்டு பேரில் வயதானவன் என் கதிரையின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆள் முன்னால வராமச் செய்யக் கூடாதே சேர்."

"நான் அனுமதிக்கிறன். எழுதுங்க."

பதிவேட்டை எடுத்தேன். யோகனின் அடையாள அட்டை இலக்கம் அவனுடைய சுயவிவரக் கோவையில் இருந்தது. சேர் அதைப் பார்த்து வாசிக்க, நான் எழுதினேன். அனுமதித்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து வைத்தார். செய்துகொடுத்தவர் என்ற இடத்தில் நான் வைத்தேன். மூன்றாவது இடம் வெறுமையாக இருந்தது. நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"அதையும் போடுங்க" என்றார் சேர். "வரி முழுமையா இருக்கோணும்."

அப்படிச் சொன்னார். துப்பாக்கி என்று ஒன்றும் நான் காணவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. வாங்கியவர் என்ற இடத்தில் 'யோகநாதன்' என்று தமிழில் எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்தேன்.

ரிபனைக் கழற்றி உறையை அச்சடித்தேன். இளையவன் அதைக் கிழித்துப் பார்த்துத் தட்டினான். சேர்வர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. தற்காலிகச் சொல்லை ஏற்றுக்கொண்டு, வேறெதையும் திறக்காமல், புதிய சொல் போடச் சொல்லிக் கேட்டது. இணைப்பு மறைகுறி இணைப்பு. எல்லாம் எழுதிவைத்த ஒழுங்குப்படி. அவன் புதிய சொல்லைத் தட்டினான். அப்போது சேர், வழக்கம்போல, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

நான் திரும்பவில்லை. அதனால் திரையைப் பார்த்தேன். குறிப்புக் கட்டங்களை முதன்முதலாகக் கண்டேன். 'மூத்த மகன் இயக்கத்தில் இருந்து ஓடி வந்தவர், பெரியம்மாவின் கூடாரத்தில் இருக்கிறார்.' 'இரண்டாவது மகள், இயக்கம் பிடித்துச் சென்று திரும்பி வந்தவ, வேறு பெயரில் பள்ளிக்கூடம் போகிறா.' இவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புவதற்கென்று எழுதப்பட்ட குறிப்புகள் அவை. யோகன் திருத்த வேண்டும் என்று சொன்ன பிழை எதுவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வரிகளை அழிப்பதற்குத்தான் அவனுக்குப் பத்து நிமிடம் தேவைப்பட்டிருக்கிறது. அவர்கள் எல்லாவற்றையும் ஒரு பென் ட்றைவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது இளையவன் எனக்கு "தேங்ஸ் அக்கா" என்றான்.

அடுத்த இரண்டு கிழமைக்குள் முகாம்களில் இருந்து இளம் பெடியன்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அந்தப் பட்டியலால்தானா என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சில குடும்பங்கள் ஏற்கெனவே கூடாரத்தை விட்டுப் போயிருந்தன. உன்னிச்சையில் இருந்து வரும் வழியில் யோகன் ஆள் வைத்துச் சொல்லியனுப்பியிருந்தான் என்று ஒரு தாய் சொன்னா. அவவுடைய மகன் இப்போது வெளிநாட்டில். அவனால் சொல்லியனுப்ப முடியாமல் போனவர்களின் தாய்மாரும் என் கண்ணில் படுவார்கள்.

சேரும் நானும் அந்த நாளைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து, அவர் என் மேசைக்கு வந்து நின்று, "எனக்கு மூன்று பேரப்பிள்ளைகள்" என்றார். அவர்கள் அந்த அறைக்குள் அவருக்கு என்ன சொன்னார்கள் என்பதை நான் ஊகித்துக்கொண்டேன். ஊகித்தும் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. என்மேலும் வரவில்லை.

சண்டை முழுவதும் முடிந்த வருடம் நிறுவனம் அலுவலகத்தை மூட ஆயத்தமானது. மூடுவதற்கு முன்னர் கொழும்பில் இருந்து ஒரு கணக்காய்வாளர் வந்து எங்கள் பாதுகாப்பு ஒழுங்குகளைப் பார்த்தார். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஐந்து வருடத்தில் ஒரு வரியிலும் கையெழுத்துக் குறையவில்லை, இந்த நாட்டில் இப்படி ஒரு பதிவேட்டைத் தான் கண்டதில்லை என்று எழுதிக்கொடுத்தார். சேருக்குப் பிரியாவிடையில் பொன்னாடை போர்த்தினோம். எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். அதைக் காட்டித்தான் அடுத்த வேலை எடுத்தேன், இந்த மலரைப் போடும் அலுவலகத்தில். சேரின் ஒழுங்கையும் அங்கே கொண்டுபோனேன். சேர் கனடாவுக்குப் போய் அங்கேயே காலமானார்.

யோகனின் மனைவி பெயர் புனிதம். அவன் காணாமல் போன கிழமை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். "கடைசியா ஆரோட கதைச்சவர் மிஸ்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதன் பிறகு வருடக்கணக்காகச் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கண்டால், "சுகமா மிஸ்?" என்பாள். நான் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு நடப்பேன். கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலக வாசலில், காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களில் அவளும் நிற்பாள். நான் மறுபக்க வீதியால் போவேன்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் களுவாஞ்சிக்குடிக்கு ஒரு செத்த வீட்டுக்குப் போனபோது அவளுடைய வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வைத்துத் தந்தாள். நான் குடிக்காமல் சொல்லத் தொடங்கினேன். தொலைபேசியில் அவன் கேட்டது, நான் மறுத்தது, நேரில் வரச் சொன்னது. அழுவாள், ஏசுவாள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும் மிஸ். பஸ் ஏற முன்னம் எனக்கும் போன் எடுத்தவர். றஞ்சி அக்கா நேர்ல வரச் சொல்லுறா, போய்ச் செய்துபோட்டு வாறன் எண்டவர்."

கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"அப்ப இவ்வளவு காலமும் ஏன் என்னட்டக் கேக்கல்ல?"

"முதல் நாள் கேட்டன்தானே. தெரியாது எண்டீங்க. மறுகா நீங்களா எப்ப சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." கோப்பையைப் பார்த்தாள். "ஆறுது, குடிங்க. குடிச்சுப்போட்டு நாளைக்கு என்னோட வாங்க. காணாமப் போனாக்களை விசாரிக்க ஆக்கள் வந்திருக்காங்க. இதை அங்க சொல்லுங்க."

போனேன். ஒரு மண்டபத்தில் நீள மேசை, மூன்று பேர், ஒரு மொழிபெயர்ப்பாளர். நான் சொன்னதை எழுதினார்கள். பழைய நிறுவனத்திடம் ஆவணம் கேட்போம் என்றார்கள். நாலு மாதம் கழித்துப் புனிதத்தையும் என்னையும் மறுபடி கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு போட்டோப் பிரதி இருந்தது. நடுவில் இருந்தவர் நீளமாகக் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் சுருக்கமாகச் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை காணாமல் போனவர் எண்டு சொல்லுறீங்க. வெள்ளிக்கிழமை உங்கட அலுவலகத்துக்கு வந்து, அடையாள அட்டை காட்டி, கையெழுத்து வைச்சிருக்கிறார். செய்துகொடுத்தவர் எண்ட இடத்தில இருக்கிற இந்தக் கையெழுத்து உங்கடதா?"

"ஓம்."

"அப்ப அவர் வந்தவர்தானே?"

"வரல்ல. அந்த வரி பொய். நான்தான் எழுதினன்."

நடுவில் இருந்தவர் மறுபடியும் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்லுறது பொய்யா எண்டு கேக்கிறார்."

கணக்காய்வாளரின் பாராட்டுக் கடிதமும் அந்தப் பிரதியோடு இணைத்திருந்தது. இப்படிப்பட்ட பதிவேட்டில் பொய் இருக்க முடியாது என்பதற்கு அது சான்று.

புனிதம் எழும்பி மேசைக்குக் கிட்டப் போனாள். பிரதியைத் தன் பக்கம் திருப்பி, கையெழுத்தின் மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். அவளிடம் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. அவளிடமும் விசாரணையிலும் தொலைபேசியை மட்டும்தான் சொல்லியிருந்தேன். பாதி உண்மையைச் சொன்ன நிம்மதியில் நாலு மாதம் நித்திரை கொண்டிருந்தேன்.

"இது அவர்ட எழுத்தில்ல" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆர் வைச்ச?"

மூன்று பேருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் முன்னால், "நான்" என்றேன்.

பதில் கடிதம் அந்த வருடக் கடைசியில் அவளுக்கு வந்தது. குறித்த நபர் காணாமல் போனதாகச் சொல்லப்படும் நாளுக்குப் பின்னர் கையெழுத்திட்டதற்கு முறையான ஆவணம் இருப்பதாலும், சாட்சி தன் கூற்றை மாற்றியிருப்பதாலும், மேலும் சான்று வேண்டுமாம். அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள். உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியே நின்றே வாசித்தாள். "சுகமா மிஸ்" என்று கேட்கவுமில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு, "இனி ஆர் கேட்டாலும் ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. பாதி சொல்ல வேணாம்" என்றாள். நடந்துபோய்விட்டாள்.

மலர்க் குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு: இது நீங்கள் கேட்ட கட்டுரை இல்லை என்று எனக்குத் தெரியும். நீளமும் கூடிவிட்டது. பயிற்சிக் காலம், சேரின் பழக்கவழக்கங்கள், எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். இரண்டு வரியை மட்டும் வெட்டாமல் போடுங்கள். அந்த வெள்ளிக்கிழமை யோகநாதன் எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை. வாங்கியவர் என்ற இடத்தில் இருப்பது என்னுடைய எழுத்து.